கோபக்காரருக்கு ஓட்டுப் போடலாமா?

வாசகர் கேள்விகளுக்கு, காட்பாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற சுருக்கெழுத்துத் தட்டச்சர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: வணக்கம் அம்மா. பக்கத்துத் தொகுதியில் நிற்கப் போவதாகப் பேசப்படும் ஒருவர், மைக்செட் போட வந்த பையனைக் கூட்டத்துக்கு நடுவே அறைந்த வீடியோ எல்லார் போனிலும் சுற்றுகிறது. எங்கள் தறிக்கூடத்தில் இதே பேச்சுதான். “கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும், பாருங்கள், இவர் மந்திரியாகவே வருவார்” என்கிறார் மூத்தவர் ஒருவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. கோபத்தை வைத்து ஒருவர் பெரிய பதவிக்குத் தகுதியா என்று பார்ப்பது சரியா? — வாசகர், குடியாத்தம்

பதில்: தாராளமாகப் பார்க்கலாம் தம்பி, பார்க்கத்தான் வேண்டும். சொத்து எவ்வளவு, என்ன சாதி, எவ்வளவு செலவு செய்வார் என்றெல்லாம் நாம் துருவித் துருவி விசாரிக்கிறோம். எரிச்சலான ஒரு நாளில் அதிகாரத்தை வைத்துக்கொண்டு இவர் என்ன செய்வார் என்று யாரும் கேட்பதில்லை.

வட ஆர்க்காடு ஒரே மாவட்டமாக இருந்தபோது நான் அரசு வேலையில் சேர்ந்தேன். 1989-இல் திருவண்ணாமலை தனியாகப் போனதற்கு வெகுநாள் பிறகு ஓய்வு பெற்றேன். அதிகாரி சொல்லச் சொல்ல எழுதுகிறவள் முன்னால் யாரும் வேஷம் போடுவதில்லை. நோட்டும் பென்சிலுமாக ஒருத்தி எதிரே உட்கார்ந்திருப்பதே அவர்களுக்கு மறந்துபோகும். அந்த நாற்காலியில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஓர் அலுவலகத்தில் ஓர் அதிகாரி இருந்தார். ஊரும் பெயரும் வேண்டாம். நேர்மையானவர், ஒரு ரூபாய் கைநீட்டி வாங்க மாட்டார். ஆனால் கெட்ட செய்தியோடு யார் உள்ளே போனாலும் ஃபைல் பறக்கும். சில வாரங்களிலேயே அலுவலகம் முழுவதும் அதற்குப் பழகிவிட்டது. வாசலில் நிற்கும் டபேதாரிடம் “மூடு எப்படி?” என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்கள் உள்ளே போவார்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால் ஃபைல் பிரிவுக்கே திரும்பிவிடும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். ஓர் ஏரியில் மதகை ஒட்டிக் கரையில் கசிவு. தலையாரி பார்த்துச் சொல்ல, கிராம நிர்வாக அலுவலர் எழுத, வருவாய் ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுக் குறிப்பு அலுவலகத்துக்கு வந்துவிட்டது. முதல் நாள்தான் வேறோர் ஏரி விஷயத்தில் ஃபைல் பறந்திருந்தது. பிரிவு எழுத்தர் பயந்துபோய், “நாளைக்கு வைக்கலாம்” என்று குறிப்பை ட்ரேயின் அடியில் வைத்தார். மறுநாளும் மூடு சரியில்லை. அன்று ராத்திரி கரை உடைந்தது. உயிர் போகவில்லை. ஆடுகள் போயின, அறுக்க வேண்டிய நெல் போனது, தாழ்வில் இருந்த காலனி வீடுகளில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. “ஏன் முன்கூட்டியே தெரிவிக்கவில்லை” என்று அந்தக் கிராம நிர்வாக அலுவலருக்கே 17பி மெமோ, அதாவது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பு, போனது. அவர் தெரிவித்த குறிப்பு ட்ரேயில்தான் கிடந்தது.

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. தன்னிடம் உண்மை வந்து சேரும் வழியைத் தானே அடைத்துவிட்டார், அவ்வளவுதான். உயர்ந்த பதவியில் கோபத்தால் வரும் பெரிய கேடு இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். திட்டு வாங்கியவரின் மனவருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் திட்டைக் கேட்ட மற்ற எல்லாரும் அடுத்த நாளிலிருந்து வாயை மூடிக்கொள்கிறார்களே, அதன் விலையைக் கொடுப்பது எங்கோ ஒரு காலனியில் தூங்கிக்கொண்டிருக்கும் குடும்பம்.

இதே விஷயம் நாட்டு அளவிலும் நடந்திருக்கிறது. வி.கே. கிருஷ்ண மேனன் 1957 ஜனவரியில் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் காஷ்மீர் விவகாரத்தில் இந்தியாவுக்காக ஏறக்குறைய எட்டு மணி நேரம் பேசியவர். அவர் அறிவைக் குறை சொல்ல முடியாது. பாதுகாப்பு அமைச்சரானதும் அவர் நாக்கின் சூடு படைத் தளபதிகள் வரைக்கும் போனது. தரைப்படைத் தளபதி திம்மையா 1959-இல் ராஜினாமாக் கடிதமே கொடுத்துவிட்டார். நேரு சமாதானம் சொல்லித் திரும்பப் பெற வைத்தார். 1962-இல் சீனப் படை வந்தபோது அமைச்சருக்கும் தளபதிகளுக்கும் நடுவே நம்பிக்கை மிச்சம் இல்லை. தோல்விக்கு வேறு காரணங்களும் நிறைய உண்டு, எல்லாவற்றையும் ஒருவர் கோபத்தின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் ‘இது நடக்காது ஐயா’ என்று சொல்ல ஆள் இல்லாத அறையில் போர் முடிவுகள் எடுக்கப்பட்டால் எல்லைக்குப் போகிற சிப்பாய்தான் சாகிறான்.

உங்கள் குடியாத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1954-இல் காமராஜர் முதலமைச்சரானபோது சட்டமன்ற உறுப்பினராக இல்லை. குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றுதான் சட்டமன்றத்துக்குப் போனார். அவருக்கும் கோபம் வரும், வந்தால் நறுக்கென்று பேசுவார். ஆனால் கட்சித் தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், எதிரணியில் இருந்த பக்தவத்சலத்தையும் தன் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். தன்னை எதிர்த்தவரை எதிரே உட்காரவைத்து யோசனை கேட்க ஒரு மனசு வேண்டும். உங்கள் தாத்தா காலத்து ஆட்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், அந்த இடைத்தேர்தலைப் பற்றி இன்னும் சொல்வார்கள்.

உங்கள் தறிக்கூடத்துப் பெரியவர் சொன்ன பழமொழி வீட்டுக்குப் பொருந்தும். அப்பாவின் கோபத்தைப் பார்த்த பிள்ளை அதே அப்பா காய்ச்சலில் ராத்திரி முழுக்க விழித்திருந்ததையும் பார்க்கிறது. மைக்செட் பையனுக்கு அந்தத் தலைவரின் குணத்தை எந்த நாளில் பார்க்கக் கிடைக்கும்? அவனுக்குக் கிடைத்தது அறை மட்டும்தான். திருப்பி ஒரு வார்த்தை சொன்னால் கூலியும் போயிருக்கும்.

கேள்வி: அநியாயத்தைப் பார்த்துக் கோபமே வராதவர் தலைவராகி என்ன செய்யப் போகிறார்? பாலாற்றை இந்தக் கதிக்கு ஆக்கினவர்களைப் பார்த்து எங்களுக்கே ரத்தம் கொதிக்கிறது. — வாசகர், ராணிப்பேட்டை

பதில்: கொதிக்க வேண்டியதுதான். எனக்கும் கொதிக்கிறது. பாலாற்று ஊற்றில் கையாலேயே நீர் அள்ளிக் குடித்த தலைமுறை நாங்கள்.

ஆனால் அந்தக் கோபம் எந்த வழியில் போனபோது பலன் வந்தது என்று பாருங்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் நிலத்தையும் கெடுக்கிறது என்று மனுப் போட்டு வருஷக்கணக்கில் வழக்கை நடத்தினார்கள். 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவர்தான் செலவை ஏற்க வேண்டும், கெடுதல் வருமுன் தடுப்பது அரசின் கடமை என்ற இரண்டையும் இந்நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு நிர்ணயிக்க ஓர் ஆணையம் என்றெல்லாம் உத்தரவு போட்டார்கள். பாலாறு இன்னும் தேறவில்லை என்பது உண்மை. ஆனால் இன்று இந்தியாவின் எந்த மூலையில் ஆற்றுக்காக வழக்குப் போட்டாலும் நம் ஊர் பெயரைச் சொல்லித்தான் வாதாடுகிறார்கள். யாரையாவது நாலு பேர் சேர்ந்து அடித்திருந்தால் ஒரு வாரச் செய்தியோடு முடிந்திருக்கும்.

பெரியாரைவிடக் கோபக்காரர் யார்? அவர் கடைசி மூச்சு 1973 டிசம்பர் 24-இல் நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான் போனது. மேடையில் அவ்வளவு அனல். பார்க்க வந்தவர் சின்னப் பையனாக இருந்தாலும் “வாங்க, உட்காருங்க” என்றுதான் பேசுவார் என்று பழகியவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். அவர் கோபம் மேலே இருப்பவர்களை நோக்கிப் போனது. நான் அஞ்சுவது கீழே விழும் கோபத்துக்கு.

கேள்வி: அமெரிக்காவில் அதிபர் தேர்தல் வரும்போதெல்லாம் “இவர் கையில் அணுகுண்டைக் கொடுக்கலாமா” என்று கேட்கிறார்கள். அது வெறும் பிரச்சாரமா, நிஜமாகவே அவ்வளவு முக்கியமா? — கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: நிஜமாகவே முக்கியம். அங்கே அணு ஆயுதத்தை ஏவ உத்தரவிடும் அதிகாரம் அதிபர் ஒருவரிடம்தான் இருக்கிறது. சுற்றி இருப்பவர்கள் யோசனை சொல்லலாம், அவர்கள் சம்மதம் தேவையில்லை. நம் நாட்டில் 2003 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டின்படி பிரதமர் தலைமையிலான அரசியல் குழு உத்தரவிட வேண்டும். ஒரு மனிதரின் ஒரு நிமிஷத்தை நம்பி விடாத ஏற்பாடு என்பதால் இது எனக்குப் பிடித்திருக்கிறது.

1962 அக்டோபர் 27-ஆம் தேதியைப் பற்றிக் கட்டாயம் படியுங்கள். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து போர் மூளும் நிலை. கியூபா மீது பறந்த அமெரிக்க உளவு விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள், விமானி இறந்துபோனார். அப்படி நடந்தால் பதிலடி கொடுப்பது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். ராணுவத் தளபதிகள் தாக்குதலுக்குத் தயாராக நின்றார்கள். அதிபர் கென்னடி பொறுத்தார். மறுநாள் சோவியத் தலைவர் குருஷேவ் ஏவுகணைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். அந்த ராத்திரியில் கோபம் தலைக்கேறும் ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு உடம்பு நடுங்குகிறது.

கென்னடிக்கு முன்பு அதிபராக இருந்தவர்களில் ட்ரூமன் முன்கோபி. 1950 டிசம்பரில் தன் மகள் பாடிய கச்சேரியை மட்டமாக விமர்சித்த பத்திரிகைக்காரருக்கு, “உங்களை நேரில் பார்த்தால் மூக்குக்குச் சிகிச்சை தேவைப்படும்” என்ற பாணியில் கடிதம் எழுதி அனுப்பிவிட்டார். ஊரே பார்த்தது. ஆனால் அதே மனிதர், 1951 ஏப்ரலில் தன்னை வெளிப்படையாக மீறிய தளபதி மெக்கார்தரை நீக்கும்போது அவசரப்படவில்லை. வெளியுறவு அமைச்சர், பாதுகாப்பு அமைச்சர், தளபதிகளின் தலைவர் என்று கூட்டி வைத்து நாள்கணக்கில் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். சொந்த விஷயத்தில் தனியாக உட்கார்ந்து எழுதினார், நாட்டு விஷயத்தில் பலரைக் கேட்டார். அந்த வித்தியாசம் தெரிந்தவர் என்பதால் ட்ரூமனை நான் மதிக்கிறேன்.

லிங்கன் இன்னும் ஒரு படி மேலே. அமெரிக்க உள்நாட்டுப் போரில், கெட்டிஸ்பர்க்கில் வென்ற பிறகு எதிரிப் படையைத் தப்பவிட்டதற்காகத் தளபதி மீட் மேல் அவருக்குத் தாங்க முடியாத கோபம். 1863 ஜூலையில் நீண்ட கடிதம் எழுதினார். கையெழுத்துப் போடவும் இல்லை, அனுப்பவும் இல்லை. அவர் காகிதங்களுக்குள் இருந்து பின்னால்தான் கிடைத்தது.

இதைப் படித்தபோது எனக்கு இன்னோர் அதிகாரியின் ஞாபகம் வந்தது. அவரும் கோபக்காரர்தான். மூச்சு விடாமல் மெமோ சொல்லுவார், என் பென்சில் முனை உடையும். சொல்லி முடித்துவிட்டு, “அம்மா, டைப் பண்ணி வையுங்க. காலையில் பார்த்துட்டு அனுப்பலாம்” என்பார். காலையில் வாங்கிப் படிப்பார். பல நாள் அதை மடித்துக் கிழித்துவிட்டு, “அவரை வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்” என்பார். சில நாள் ஒரு வரி மாற்றாமல் கையெழுத்துப் போடுவார். அந்த மெமோவுக்கு யாரும் தப்ப முடியாது, ஏனென்றால் அதில் கோபம் இருக்காது, காரணம் மட்டும்தான் இருக்கும். அவரிடம் எல்லாரும் உண்மையைச் சொன்னோம். சத்தத்துக்குப் பயந்தோம், அவருக்குப் பயப்படவில்லை.

கேள்வி: 1806-இல் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்க் கிளர்ச்சியை அடக்க எங்கள் ஆற்காட்டில் இருந்து குதிரையில் பறந்து வந்த வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி முன்கோபக்காரர், துடுக்குக்காரர் என்கிறார்கள். அவர் வென்றாரே? — வாசகர், ஆற்காடு

பதில்: வென்றார், வெள்ளைக்காரர் கணக்கில். ஜூலை 10 விடியற்காலை சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்த செய்தி கேட்டதும் பின்னால் வரும் படைக்குக்கூடக் காத்திருக்காமல் குதிரையைத் தட்டிக்கொண்டு வந்தார். கோட்டையை மீட்டதும், அரண்மனைக்குள் ஒளிந்திருந்த ஏறக்குறைய நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட வைத்தார். விசாரணை ஏதும் இல்லை. நம் கோட்டைக்குள் நடந்தது அது. மக்கான் பக்கம் இருக்கும் நினைவுத் தூணைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்த நூறு பேர் ஞாபகம்தான்.

அதே அவசரம் 1814 அக்டோபர் 31-இல் டேராடூன் பக்கம் நாலாபாணிக் கோட்டையில் அவர் உயிரையே வாங்கியது. பல பக்கமும் ஒரே நேரத்தில் தாக்குவதாகத் திட்டம். சைகை எல்லாப் படைக்கும் போய்ச் சேரவில்லை. முதல் தாக்குதல் தோற்றதும் பொறுக்காமல் தானே முன்னால் ஓடினார், குண்டு பாய்ந்து விழுந்தார். உள்ளே கூர்க்கர்கள் சில நூறு பேர்தான். அவரோடு எத்தனையோ சிப்பாய்களும் செத்தார்கள்.

வேலூர் விஷயத்தில் நான் கில்லெஸ்பியைவிட மேலே இருந்தவர்களைத்தான் அதிகம் குற்றம் சொல்வேன். புதுத் தலைப்பாகை வேண்டாம், நெற்றிக் குறியை அழிக்கச் சொல்லாதீர்கள் என்று மே மாதமே சிப்பாய்கள் மறுத்துச் சொல்லிவிட்டார்கள். பதிலாகக் கிடைத்தது 900 கசையடித் தண்டனை. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் முன்கூட்டியே வந்து சதி நடக்கிறது என்று சொன்னபோது அவரைப் பைத்தியம் என்று அடைத்து வைத்தார்கள். தளபதி கிராடக், ஆளுநர் பெண்டிங் இருவரையும் 1807-இல் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. அதற்குள் கோட்டையில் நூற்றுக்கணக்கில் பிணம் விழுந்துவிட்டது.

கேள்வி: ஆண் வேட்பாளர் கத்தினால் ‘தைரியசாலி’, பெண் வேட்பாளர் குரலை உயர்த்தினால் ‘அடங்காதவள்’. நீங்கள் சொல்லும் அளவுகோலைப் பெண்களை ஒதுக்கப் பயன்படுத்திவிட மாட்டார்களா? — வாசகி, ஆம்பூர்

பதில்: பயன்படுத்துவார்கள் அம்மா. உங்கள் பயம் நூற்றுக்கு நூறு சரி. எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். ஒருமுறைகூட ஃபைலை எறிந்ததில்லை. தாமதமாக வந்தவரிடம் “ஏன் லேட்?” என்று நேராகக் கேட்பார், அவ்வளவுதான். அதற்கே டீக்கடையில் அவரைப் பற்றிப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஃபைல் எறிந்தவரைப் பற்றி அதே டீக்கடையில் “கறாரான மனுஷன்” என்றார்கள். அதனால்தான் குரலை அளக்காதீர்கள் என்கிறேன். அந்த அம்மாவின் அறைக்குள் கடைநிலை ஊழியர்கூடக் கதவைத் தட்டிவிட்டுப் போய்க் குறையைச் சொல்ல முடிந்தது. அதைப் பாருங்கள்.

கேள்வி: சரி, வேட்பாளர் எப்படிப்பட்டவர் என்று எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? மேடையில் எல்லாரும் கும்பிடத்தானே செய்கிறார்கள்? — வாசகர், திருப்பத்தூர்

பதில்: வழி இருக்கிறது, கொஞ்சம் மெனக்கெட வேண்டும். வேட்புமனுவோடு ஒவ்வொருவரும் படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கிறார்கள். அது தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும், தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுவார்கள். எல்லாரும் சொத்துப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் வழக்குகள் பக்கத்துக்குப் போங்கள்.

அங்கே இருக்கும் பிரிவு எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய தண்டனைச் சட்டத்தில் 143, 188, 341 என்று இருந்தால் பெரும்பாலும் மறியல், தடையை மீறிய கூட்டம், சாலையை மறித்தது. தெருவில் இறங்கிப் போராடுகிற எவர் மேலும் இருக்கும், அதை வைத்து யாரையும் தள்ளாதீர்கள். 294(பி) என்றால் பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது, 323 அடித்தது, 506(2) கொலை மிரட்டல், 353 வேலை செய்துகொண்டிருந்த அரசு ஊழியரைத் தாக்கியது. 2024 ஜூலை முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ நடந்த சம்பவம் என்றால் புதிய சட்டத்தின்படி முறையே 296(பி), 115(2), 351(3), 132 என்று இருக்கும். ஒன்றிரண்டு வழக்கு பொய்யாகவும் இருக்கலாம், நம் ஊரில் எதிராளி மேல் வழக்குப் போட வைப்பது ஒன்றும் புதிதில்லை. வெவ்வேறு வருஷம், வெவ்வேறு காவல் நிலையம், வெவ்வேறு ஆட்கள், ஆனால் திரும்பத் திரும்ப அதே 353, அதே 506(2) என்று வந்தால் யோசியுங்கள்.

பத்திரத்தில் வராத விஷயத்துக்கு அவரிடம் வேலை செய்தவர்களைக் கேளுங்கள். டிரைவர் அடிக்கடி மாறுகிறாரா? ஒன்றியத்திலோ நகராட்சியிலோ பதவியில் இருந்தவர் என்றால் அங்கே துப்புரவுப் பணியாளர்களிடம், தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் பேசுங்கள். “அவர்கிட்ட ஒரு தப்பு நடந்துபோச்சுன்னா போய்ச் சொல்ல முடியுமா?” என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லுவதற்கு முன் சுற்றிலும் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள்.

முதல் கேள்வி கேட்ட குடியாத்தத்துத் தம்பியின் ஊர்ப்பக்கத்து வேட்பாளர் இதுவரை அந்த மைக்செட் பையனைப் போய்ப் பார்த்ததாகச் செய்தி இல்லை. அவர் ஓட்டுக் கேட்டு வரும்போது முதல் கேள்வியாக அதைக் கேட்க யாராவது இருந்தால், எனக்கு எழுதுங்கள்.